தோரோவின் ‘வால்டன்’: செலவுக் கணக்கில் விட்டுப்போனவை

எளிய வாழ்க்கை, இயற்கையோடு இயைந்த வாழ்க்கை என்று யார் பேச்செடுத்தாலும் சற்று நேரத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் ‘வால்டன்’ அந்தப் பேச்சுக்குள் வந்துவிடுகிறது. 1854 ஆகஸ்ட் 9 அன்று பாஸ்டன் நகரில் டிக்னர் அண்ட் ஃபீல்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட இந்நூலின் முதல் பதிப்பு 2000 பிரதிகள். அவை விற்றுத் தீர ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆயின. இன்றோ வேதநூலுக்குரிய பக்தியோடு அதைக் கைமாற்றுகிறார்கள். தமிழ் வாசகர் பலர் காந்தியின் வழியாகத் தோரோவிடம் வருபவர்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்தி படித்துப் போற்றிய சட்டமறுப்புக் கட்டுரையின் ஆசிரியர் என்பதாலேயே, அவர் எழுதிய பிறவும் அதே கூர்மையோடும் நேர்மையோடும் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு நமக்குள் எழுகிறது. அந்த எதிர்பார்ப்போடு படித்த எனக்கு இந்நூல் பெரிய ஏமாற்றத்தைத் தந்தது. அந்த ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் ‘வால்டன்’ மோசமான நூல் அன்று, அதில் சில அத்தியாயங்கள் அபாரமானவை.

பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் என்ற ஊரில் 1817 ஜூலை 12 அன்று பிறந்த தோரோ, 1837இல் ஹார்வர்டில் பட்டம் பெற்று, ஆசிரியர் வேலை, தந்தையின் பென்சில் தொழில், நில அளவை எனப் பலவற்றில் ஈடுபட்டவர். 1845 ஜூலை 4 அன்று, ஊரிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மைல் தொலைவிலிருந்த வால்டன் குளத்தின் கரையில், பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் கொண்ட ஒற்றையறை வீட்டில் குடியேறினார். 1847 செப்டம்பர் 6 வரை அங்கே இருந்தார். அந்த இரண்டாண்டுகளை ஓராண்டாகச் சுருக்கி, பலமுறை திருத்தி எழுதி, பதினெட்டு அத்தியாயங்களாக அவர் தந்ததுதான் இந்நூல். காலத்தைச் சுருக்கியதைச் சிலர் குற்றமாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் குறையில்லை. கோடையில் தொடங்கி, குளம் உறைந்து, மீண்டும் வசந்தத்தில் உருகி முடியும் அமைப்பு அழகானது. அப்படி அமைத்துக்கொள்ள எழுத்தாளருக்கு உரிமையுண்டு.

தொல்லை தொடங்குவது முதல் அத்தியாயத்தில். சிக்கனத்தைப் பற்றிய அந்த அத்தியாயம்தான் நூலிலேயே மிக நீளமானது. குளமோ பறவையோ மரமோ கண்ணில் படுவதற்கு முன்பே, ஆடை வாங்குவது எவ்வளவு மடமை, வீடு கட்டுவது எவ்வளவு அடிமைத்தனம், பிறருக்கு உதவி செய்யப் புறப்படுவது எவ்வளவு போலித்தனம் என்று பக்கம் பக்கமாக அறிவுரை பொழிகிறது. முப்பது ஆண்டு வாழ்ந்துவிட்டேன், பெரியவர்களிடமிருந்து பயனுள்ள ஒரு சொல்லைக்கூட இதுவரை கேட்டதில்லை என்று அவர் எழுதும்போது, இது நகைச்சுவையா கர்வமா என்று எனக்கு விளங்கவில்லை. நகைச்சுவைதான் என்று வாதிடுவோர் உண்டு. விடியற்காலையில் கூவும் சேவலைப்போல அண்டை அயலாரை எழுப்புவதற்காக உரக்கத் தம்பட்டம் அடிக்கப்போவதாக அவரே சொல்லியிருப்பதையும், தம்மைப்போலவே யாரும் வாழவேண்டியதில்லை என்று ஓரிடத்தில் எச்சரித்திருப்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் எச்சரிக்கை ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. கூவல் நூல் முழுவதும் கேட்கிறது.

இந்த அத்தியாயத்தின் நடுவில்தான் புகழ்பெற்ற செலவுக் கணக்கு வருகிறது. வீடு கட்ட ஆன மொத்தச் செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். பலகைக்கு 8 டாலர் மூன்றரை சென்ட். ஆயிரம் பழைய செங்கல்லுக்கு 4 டாலர். கண்ணாடியோடு இரண்டு பழைய சன்னல்களுக்கு 2 டாலர் 43 சென்ட். ஆணிக்கு 3 டாலர் 90 சென்ட். தாழ்ப்பாளுக்குப் பத்து சென்ட். சாக்குக்கட்டிக்கு ஒரு சென்ட். அரை சென்ட்டைக்கூட விடாமல் எழுதிய இந்தப் பட்டியல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எளிய வாழ்க்கையைப் பற்றிப் பொதுவாகப் பாடிவிட்டுப் போகாமல், எவ்வளவு ஆயிற்று என்று ஒருவர் கணக்கை விரித்து வைப்பது துணிச்சலான காரியம். ஆனால் கணக்கை விரித்து வைத்தவரைக் கணக்கைக் கொண்டே மதிப்பிடுவதுதானே முறை? அப்படி வரி வரியாகப் பார்க்கும்போதுதான், யாரெல்லாம் இந்தப் பட்டியலிலிருந்து விடுபட்டிருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

முதலில் நிலம். அந்த இடம் பதினோரு ஏக்கர் என்றும், முந்தைய பருவத்தில் ஏக்கர் 8 டாலர் 8 சென்ட்டுக்கு விலைபோனது என்றும் தோரோ துல்லியமாகக் குறிப்பிடுகிறார். வாங்கியவர் யார் என்று மட்டும் சொல்வதில்லை. வாங்கியவர் அவருடைய நண்பரும் வழிகாட்டியுமான ரால்ஃப் வால்டோ எமர்சன். அவருடைய சம்மதத்தின் பேரில்தான் தோரோ அங்கே வீடு கட்டினார். நூலிலோ, உரிமையின்றிக் குடியேறியவன் என்ற வீராப்பான பட்டத்தைத் தமக்குச் சூட்டிக்கொண்டு, மரத்தையும் கல்லையும் மணலையும் அந்த உரிமையின் பேரில் எடுத்துக்கொண்டதாக எழுதுகிறார். ஊரறிந்த ஒரு பெரிய மனிதரின் நிலத்தில் அவர் விருப்பத்தோடு இருப்பதும், எந்த நேரமும் விரட்டப்படலாம் என்ற நிலையில் ஒரு குடும்பம் புறம்போக்கில் குடிசை போடுவதும் ஒன்றாகிவிடாது.

அடுத்து, வீட்டுச் சட்டத்தைத் தூக்கி நிறுத்த நண்பர்கள் வந்தார்கள். அதைச் சொல்லும்போது, தேவைக்காக அவர்களைக் கூப்பிடவில்லை, அண்டை அயலாரோடு கூடிக் களிக்க ஒரு வாய்ப்பு என்பதற்காகவே கூப்பிட்டேன் என்கிறார். உதவி பெற்றதை ஒப்புக்கொள்ளும் வாக்கியத்திலேயே அந்த உதவி தேவையில்லாதது என்றும் சொல்லிவிடும் இந்தச் சாமர்த்தியம் நூலில் பல இடங்களில் தலைகாட்டுகிறது. கோடரியை இரவல் வாங்குகிறார். வாங்கியபோது இருந்ததைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுத்ததாக உடனே பதிவு செய்கிறார். கடனைத் திருப்பித் தருவது நல்லதுதான். ஆனால் கடன்பட்டோம் என்ற உணர்ச்சி ஒரு கணம்கூட நீடிக்கக்கூடாது என்ற அவசரம் அதில் தெரிகிறது.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திய வரி சலவையைப் பற்றியது. எட்டு மாத உணவுக்கு 8 டாலர் 74 சென்ட் என்று கணக்குக் காட்டிவிட்டு, துணி துவைப்பதும் கிழிசல் தைப்பதும் பெரும்பாலும் வெளியே நடந்தன, அவற்றுக்கான பில் இன்னும் வந்துசேரவில்லை என்று போகிறபோக்கில் எழுதுகிறார். வெளியே என்றால் எங்கே? கான்கார்டில் அவருடைய தாயும் சகோதரிகளும் இருந்த வீடு நடந்து போகும் தொலைவில்தான் இருந்தது. அந்த பில் நூல் முடியும்வரை வரவே இல்லை. தோரோவைக் கேலி செய்பவர்கள் வழக்கமாக, காட்டில் தவமிருந்தவர் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனார் என்று சிரிப்பார்கள். அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. வெளியே சாப்பிட்டதை அவர் மறைக்கவில்லை. முன்பும் அப்படித்தான் சாப்பிட்டேன், இனியும் வாய்க்கும் என்று நம்புகிறேன் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். ஓரிரு நாளைக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வம்பளப்புக் கேட்டுவந்ததையும் சொல்கிறார். தாய் வீட்டுக்குப் போய்வருவதில் என்ன பிழை? பிழை, அந்தப் பெண்களின் உழைப்பைச் சுழியமாக வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறு வாரம் உழைத்தாலே ஒருவர் வாழ்ந்துவிடலாம் என்று பொது விதி வகுப்பதில் இருக்கிறது. அந்த ஆறு வாரம் ஒருவருடைய ஆறு வாரம் அன்று.

பலகைக்கு ஆன 8 டாலர் மூன்றரை சென்ட்டுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. ஃபிட்ச்பர்க் ரயில்பாதையில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை தோரோ 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கினார், பிரித்துப் பலகையை எடுத்துக்கொள்வதற்காக. மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குடும்பம் வெளியேற வேண்டும், ஆறு மணிக்கு இவர் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆறு மணிக்கு வழியில் அவர்கள் எதிரே வருகிறார்கள். படுக்கை, காப்பி அரைக்கும் இயந்திரம், முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள் என எல்லாமும் ஒரே பெரிய மூட்டைக்குள் அடங்கிவிட்டன. பூனை மட்டும் காட்டுக்குள் ஓடி, பிறகு பொறியில் சிக்கிச் செத்தது. இக்காட்சியைத் தோரோ எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார் என்பதுதான் வேதனை. சாலையில் ஒரு மூட்டையோடு போகும் அந்தக் குடும்பத்தின் உடைமை, அவர் போதிக்கும் எளிமையைவிடப் பலமடங்கு எளிமையானது. பார்த்தார், எழுதினார், பலகையை வெயிலில் காயவைக்கப் போய்விட்டார். அவர்கள் எங்கே போனார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நூலும் கேட்கவில்லை.

ஏமாற்றம் கோபமாக மாறிய இடம், பேக்கர் பண்ணை என்ற சிறிய அத்தியாயம். மீன்பிடிக்கப் போன தோரோ மழைக்கு ஒதுங்க ஒரு குடிசைக்குள் நுழைகிறார். அங்கே ஜான் ஃபீல்ட் என்ற ஐரிஷ்காரர், மனைவியோடும் பல குழந்தைகளோடும் வாழ்கிறார். பக்கத்து விவசாயிக்காகச் சதுப்பு நிலத்தை மண்வெட்டியால் கொத்திப் புரட்டுவது அவர் வேலை. ஏக்கருக்குப் பத்து டாலரும், ஓராண்டுக்கு அந்நிலத்தை எருவோடு பயன்படுத்திக்கொள்ளும் உரிமையும் கூலி. மழைக்கு இடம் கொடுத்த அந்த மனிதருக்குத் தோரோ கைம்மாறாகத் தருவது ஒரு சொற்பொழிவு. நான் தேநீர், காப்பி, வெண்ணெய், பால், இறைச்சி எதையும் தொடுவதில்லை. ஆகவே அவற்றுக்காக உழைக்க வேண்டியதில்லை. கடுமையாக உழைக்காததால் அதிகம் உண்ணவும் வேண்டியதில்லை. நீயோ இவற்றோடு தொடங்குவதால் இவற்றுக்காகவே உழைத்துத் தேய்கிறாய் என்று அவர் தர்க்கம் நீள்கிறது. குழந்தையில்லாத, மணமாகாத, பட்டம் பெற்ற, கூப்பிடு தூரத்தில் குடும்பமும் நண்பர்களும் உள்ள ஓர் இளைஞர், கைக்குழந்தைக்குப் பால் வேண்டியிருக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறார். கணவர் பெருமூச்சு விட்டதாகவும், மனைவி இடுப்பில் கைவைத்து வெறித்துப் பார்த்ததாகவும் எழுதுகிறார். அவர்களுக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை என்பது அவர் முடிவு. எனக்கென்னவோ கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்தப் பெருமூச்சு வந்திருக்கும் என்று தோன்றுகிறது. அத்தியாயத்தின் முடிவில், பரம்பரையாக வந்த ஐரிஷ் வறுமையிலிருந்து இந்த மனிதரும் அவர் சந்ததியும் மீளப்போவதில்லை என்று ஒரு தீர்ப்பும் உண்டு.

இந்தச் சந்திப்பின் காலத்தையும் கவனிக்க வேண்டும். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பெரும்பஞ்சம் தொடங்கியது 1845இல், அதாவது தோரோ குளக்கரைக்குப் போன அதே ஆண்டில். நூல் வெளிவந்த 1854க்குள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் அங்கே மாண்டிருந்தனர். அதைவிட அதிகமானோர் நாட்டைவிட்டு வெளியேறினர், அவர்களில் பெருந்தொகையினர் பாஸ்டன் போன்ற துறைமுகங்களில் வந்து இறங்கினர். உருளைக்கிழங்கு அழுகல் நோய் இந்நூலின் முடிவுரையில் ஓரிடத்தில் வரத்தான் செய்கிறது. இங்கிலாந்து அதற்கு மருந்து தேடும்போது, மூளை அழுகலுக்கு யாரும் மருந்து தேட மாட்டார்களா என்று ஒரு சிலேடைக்காக. காலையில் செய்தித்தாள் படிப்பது வீண் என்று வேறோர் இடத்தில் வாதிடுபவரிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மக்கள் செய்தித்தாளில் மட்டுமா இருந்தார்கள்? அவருடைய கூரையின் பலகையிலும், குளத்தின் தென்கோடியை ஒட்டிப்போன ரயில்பாதையிலும் அவர்களுடைய கைத்தழும்பு இருந்தது.

உணவுப் பட்டியலில் இன்னொரு வரியும் என்னை உறுத்தியது. இந்தியத் தத்துவத்தை இவ்வளவு நேசிக்கும் நான் பெரும்பாலும் அரிசி உண்டு வாழ்வது பொருத்தமே என்று தோரோ எழுதுவதைப் படித்து, எந்தத் தமிழ் வாசகரும் ஒருமுறை புன்னகைக்காமல் இருக்க முடியாது. இரண்டரை ஏக்கரில் பீன்ஸ் பயிரிட்டவர் அதைத் தாம் உண்பதில்லை, கொடுத்து அரிசி வாங்கிக்கொண்டேன் என்கிறார். அரிசிக்கு அவர் காட்டும் செலவு 1 டாலர் எழுபத்துமூன்றரை சென்ட். அக்காலத்தில் அமெரிக்க அரிசி பெரும்பாலும் தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலோர வயல்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்குத் தலைவரி கட்ட மாட்டேன் என்று மறுத்து, 1846 ஜூலையில் இதே குளக்கரையிலிருந்து ஊருக்குப் போன வழியில் கைதாகி, ஓர் இரவு சிறையில் இருந்தவர் தோரோ. அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். தப்பி வந்த அடிமைகளுக்கு உதவியதும், பின்னாளில், அடிமை முறையை ஆயுதம் ஏந்தி எதிர்த்த ஜான் பிரவுனுக்காக ஊரே அஞ்சியபோது மேடையேறிப் பேசியதும் அவர் எத்தகைய மனிதர் என்பதைக் காட்டும். அடிமை உழைப்பில் விளைந்த பொருள்களை வாங்காமல் புறக்கணிக்கும் இயக்கமும் அந்நாட்டில் அப்போதே இருந்தது. எனவே, காப்பியும் வெண்ணெயும் ஒருவரை எதற்கெல்லாம் அடிமையாக்கும் என்று பக்கம் பக்கமாக ஆராயும் நூல், தன் சொந்தத் தட்டில் இருந்த அரிசியை எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இந்தியத் தத்துவத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டு நகர்வது சாதாரண நழுவலாக எனக்குப் படவில்லை.

பீன்ஸ் வயலின் கணக்கும் சுவையானது. வரவு 23 டாலர் 44 சென்ட், செலவு 14 டாலர் எழுபத்திரண்டரை சென்ட், இலாபம் 8 டாலர் எழுபத்தொன்றரை சென்ட். செலவில் பாதிக்கு மேல், அதாவது 7 டாலர் 50 சென்ட், கூலிக்கு ஏரும் ஆளும் வைத்து உழுததற்கு. பக்கத்தில் ‘மிக அதிகம்’ என்று முணுமுணுப்பு வேறு. களை கொத்தியது அவர்தான், அதை மறுக்கவில்லை; ஏழு மைல் நீள வரிசைகளில் வெறுங்காலோடு நின்று கொத்திய அத்தியாயம் படிக்க இனிமையானது. அடுத்த ஆண்டு அளவைக் குறைத்துவிட்டார்.

மறைத்தவற்றுள் ஒன்று, நியாயமாகப் பார்த்தால், கணக்கில் வரக்கூடியதே அன்று. ஆனால் அதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்நூலை முன்போல் படிக்க இயலவில்லை. தோரோவின் அண்ணன் ஜான், 1842 ஜனவரியில், சவரக் கத்தியைத் தீட்டும்போது விரலில் ஏற்பட்ட சிறு காயத்தால் வில்வாத நோய் (டெட்டனஸ்) கண்டு இறந்தார். இருவரும் சேர்ந்து பள்ளி நடத்தியவர்கள். சேர்ந்து படகு கட்டி ஆற்றுப் பயணம் போனவர்கள். குளக்கரை வீட்டில் தோரோ அமர்ந்து எழுதியது, அந்தப் பயணத்தை நினைவுகூரும் நூல். அதுவே அவருடைய முதல் நூலாக 1849இல் வந்து, விற்காமல், 1853இல் ஆயிரம் பிரதிகளில் 706 அவர் வீட்டுக்கே திரும்பின. அண்ணனை இழந்த ஒருவர், அந்த இழப்பை எழுதித் தீர்க்க ஓர் அமைதியான அறையைத் தேடிப் போனார் என்று சொல்லியிருந்தால், அது எவ்வளவு புரிந்துகொள்ளக்கூடிய காரணம்! ‘வால்டன்’ அதைச் சொல்வதில்லை. தனிப்பட்ட அலுவல் ஒன்றை இடையூறின்றி முடிக்கப் போனேன் என்று ஒரு வாக்கியத்தில் தொட்டுவிட்டு, வாழ்க்கையின் சாரத்தை உறிஞ்சிப் பார்க்கப் போனேன் என்ற பெரிய அறிவிப்புக்குத் தாவிவிடுகிறது. துக்கத்தை விளம்பரம் செய்யாத கண்ணியம் என்று இதைப் போற்றலாம். ஆனால் துக்கத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்கு உபதேசத்தை வைத்தது நூலுக்கு நட்டம். 1844 ஏப்ரலில், அதாவது குடியேறுவதற்கு ஓராண்டு முன்பு, சமைக்க மூட்டிய தீ கைமீறிப் பரவி, தோரோவும் ஒரு நண்பரும் கான்கார்டின் காட்டில் ஏறக்குறைய 300 ஏக்கரை எரித்துவிட்ட செய்தியும் இந்நூலில் இல்லை. விறகையும் காட்டழிப்பையும் பற்றி இவ்வளவு பேசும் நூலில் அது இருந்திருக்கலாம்.

இனி, நூலின் நல்ல பக்கங்கள். அவை வேறொருவர் எழுதியவைபோல இருக்கின்றன. சிவப்பு எறும்புகளும் கறுப்பு எறும்புகளும் போரிடுவதைக் கண்டு, மூன்று எறும்புகள் பொருதிக்கொண்டிருந்த மரச்சில்லை வீட்டுக்குள் கொண்டுவந்து, கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து, உருப்பெருக்கி வைத்து முடிவுவரை பார்க்கும் பகுதி. இலையுதிர்காலத்தில் லூன் என்ற நீர்ப்பறவையைப் படகில் துரத்தி, அது மூழ்கி எங்கே எழும் என்று ஊகித்து ஊகித்துத் தோற்கும் பகுதி. ரயில்பாதைக்காக வெட்டிய சரிவில் வசந்தத்தில் உருகி வழியும் மணல், இலைகளாகவும் நரம்புகளாகவும் உருவெடுப்பதை விவரிக்கும் பகுதி. இவற்றில் அவர் யாருக்கும் எதையும் போதிப்பதில்லை. பார்ப்பதிலேயே மும்முரமாக இருக்கிறார். வால்டன் குளத்துக்கு அடியே கிடையாது என்று ஊரார் நம்பிக்கொண்டிருந்தபோது, உறைந்த குளத்தின்மேல் நடந்து, நூலில் கல்லைக் கட்டி இறக்கி, அதிகபட்ச ஆழம் 102 அடி என்று அளந்து சொன்னார். பிற்காலக் கருவிகள் காட்டிய ஆழமும் அதை ஒட்டியதே. குளத்தின் பனி முழுவதும் உருகிய நாள்களை 1845இல் ஏப்ரல் 1, 1846இல் மார்ச் 25, 1847இல் ஏப்ரல் 8 என்று குறித்துவைத்திருக்கிறார். இதுவும் கணக்குத்தான். யாரையும் தாழ்த்தாத கணக்கு.

குளத்தின் குளிர்காலத்தைப் பற்றிய அத்தியாயத்தில், 1846–47 குளிர்காலத்தில் நூறு ஐரிஷ் தொழிலாளர்கள் வந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்த காட்சி இருக்கிறது. நல்ல நாளில் ஆயிரம் டன் வெட்டுவார்களாம். அந்தப் பனிக்கட்டி போய்ச்சேரும் ஊர்களை அடுக்கும்போது சார்லஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் ஆகியவற்றோடு மதராஸ், பம்பாய், கல்கத்தா என்றும் எழுதுகிறார். அங்கே வெயிலில் வாடும் மக்கள் என் கிணற்றிலிருந்து குடிக்கிறார்கள் என்று மகிழ்கிறார். சென்னை மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக இன்று நிற்கும் கட்டடம், அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு சிறு திடுக்கிடலைத் தரும். காலையில் பகவத் கீதையில் அறிவை நீராட்டுவதாகவும், வால்டனின் நீர் கங்கை நீரோடு கலப்பதாகவும் அவர் எழுதுவது அழகான கற்பனை. ஆனால் இந்தியா வந்த அமெரிக்கப் பனிக்கட்டி பெரும்பாலும் வாடும் மக்களைச் சென்றடையவில்லை. ஆங்கிலேயக் கனவான்களின் கோப்பைகளுக்குத்தான் போனது. வணிகத்தைச் சாடும் நூலில் வணிகத்தைப் பற்றி வரும் மிகக் கவித்துவமான பக்கம் இது என்பதை என்ன சொல்வது!

நான் நெடுநேரம் நின்ற அத்தியாயம், அந்தக் காட்டில் முன்பு வாழ்ந்தவர்களைப் பற்றியது. கேட்டோ இங்ராம், பிரிஸ்டர் ஃப்ரீமன், அவர் மனைவி ஃபெண்டா, ஸில்ஃபா என்று முன்னாள் அடிமைகளாகவோ அவர்களுடைய வழித்தோன்றல்களாகவோ இருந்த கறுப்பின மக்கள் அந்த மண்ணில் வாழ்ந்து மறைந்தவர்கள். ஸில்ஃபா சிறு குடிசையில் தனியாக இருந்து ஊராருக்கு நூல் நூற்றுக் கொடுத்தார். பாடினால் காடே எதிரொலிக்குமாம். 1812ஆம் ஆண்டுப் போரின்போது, அவர் இல்லாத நேரத்தில் ஆங்கிலேயக் கைதிச் சிப்பாய்கள் குடிசைக்குத் தீ வைத்தார்கள். பூனை, நாய், கோழிகள் எல்லாம் எரிந்துபோயின. கொதிக்கும் பானையைப் பார்த்து, எல்லாம் எலும்புதான், எலும்புதான் என்று அவர் தமக்குள் முணுமுணுத்ததை ஒருவர் கேட்டிருக்கிறார். தனிமை, எளிமை, காடு, சிறு வீடு ஆகிய அனைத்தும் ஸில்ஃபாவுக்கும் இருந்தன, தோரோவைவிட நீண்ட காலமாக. அவர் அவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் வேறுபாடு. இம்மக்களை யாரும் எழுதாத காலத்தில் பெயரோடு எழுதிவைத்ததற்காகத் தோரோவுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆயினும், கான்கார்ட் நிலைத்தபோது இந்தச் சிறு குடியிருப்பு மட்டும் ஏன் அழிந்தது என்று மிகச் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டு, நீர்வளம் இல்லையா, என்ன குறை என்று கூடை முடைதலையும் பானை வனைதலையும் பற்றிப் பேசி நகர்ந்துவிடுகிறார். நல்ல நிலமும் உரிமையும் யாரிடம் இருந்தன என்ற பக்கம் திரும்பவில்லை. முதல் அத்தியாயத்தின் சிக்கனப் பாடத்தை இந்த அத்தியாயத்தோடு அவர் ஒருமுறை ஒட்டிப் பார்த்திருந்தால், ‘வால்டன்’ வேறு நூலாகியிருக்கும்.

குளக்கரையை விட்டு அவர் ஏன் வெளியேறினார் என்பது எந்த வாசகருக்கும் எழும் கேள்வி. போனதற்கு இருந்ததைப்போன்ற நல்ல காரணத்தோடே வெளியேறினேன், எனக்கு இன்னும் பல வாழ்க்கைகள் வாழ இருந்தன என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார். எமர்சன் ஐரோப்பா புறப்பட இருந்ததால் அவருடைய வீட்டைப் பார்த்துக்கொள்ள அங்கே குடிபோனார் என்பது நூலுக்கு வெளியே கிடைக்கும் செய்தி. 1852 ஜனவரியில் தம் நாட்குறிப்பில் இதே கேள்வியை எழுப்பி, ஏன் காட்டை விட்டு வந்தேன் என்று என்னால் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை, திரும்பிப் போக அடிக்கடி ஆசைப்பட்டதுண்டு என்று எழுதியிருக்கிறார். அச்சிடும் நூலில் காரணம் தெரிந்தவராகவும், தனக்கென எழுதிய குறிப்பில் தெரியாதவராகவும் இருக்கிறார். இரண்டாமவரோடு பேசத்தான் எனக்கு விருப்பம்.

படிக்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. முதல் அத்தியாயத்தில் தொடங்காதீர்கள். பலர் அங்கேயே நூலை மூடிவிடுகிறார்கள், அதில் வியப்பில்லை. குளங்கள், விலங்கு அண்டையார், முன்பு வாழ்ந்தவர்கள், குளிர்காலக் குளம், வசந்தம் ஆகிய அத்தியாயங்களை முதலில் படியுங்கள். பிறகு செலவுக் கணக்குக்கு வாருங்கள். அப்போது அதில் யார் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கிரேக்க, லத்தீன் இலக்கியக் குறிப்புகள் நிறைந்திருப்பதால் அடிக்குறிப்புள்ள பதிப்பு தேவை. பொன்மொழிகளை மட்டும் பொறுக்கித் தொகுத்த சிறு நூல்களைத் தவிர்த்துவிடலாம், இந்நூலின் பலவீனமான பகுதிகள் அவற்றில்தான் செறிந்து கிடக்கின்றன. தோரோவின் கண்கள் பிடித்துப்போனால், 1837 முதல் 1861 வரை அவர் எழுதிய நாட்குறிப்புக்குப் போகலாம். பல தொகுதிகளாகக் கிடைக்கிறது. எங்கே திறந்தாலும் படிக்கலாம். குறிப்பாக 1850க்குப் பிந்தைய பகுதிகளில், எந்தச் செடி எந்த நாளில் பூத்தது என்ற பதிவுகளுக்கிடையே, போதகர் அநேகமாகக் காணாமல் போயிருக்கிறார்.